ஏழாம் குழுவின் குட்டி

திருமூர்த்தியைப் புகழ்ந்து ஏழு சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. ஏழையும் எழுதியவன் திருமூர்த்தியேதான். கையெழுத்து மட்டும் ஏழு பேராசிரியர்களுடையது. இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு மனு போடுகிற நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பெரிய மனிதர்களுக்கு நேரம் ஏது? 'நீயே ஒன்று எழுதி அனுப்பிவிடு, பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்' என்பார்கள். பார்க்காமலே போடுவார்கள். ஆக, ஒரு மனுஷன் ஏழு மனுஷர்களாக உட்கார்ந்து, தன்னைப் பார்த்துத் தானே ஏழு விதமாக வியக்க வேண்டும். திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரன், காட்டு விலங்குகளை ஆராய்கிறவன், கூச்ச சுபாவம். முதல் கடிதத்தில் தன்னைத் 'திறமைசாலி' என்று எழுதவே அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏழாவதுக்கு வரும்போது கூச்சம் விட்டுப்போயிருந்தது. 'இந்தத் துறையில் இவருக்கு நிகராக இன்னொருவர் இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு மோர் குடிக்கப் போனான்.

வினை எங்கே வந்தது என்றால், ஏழில் மூன்று கடிதங்களில் ஒரு வாக்கியம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. 'மழை வந்தால் நான்கும் ஒரே மூங்கிலில் வரிசையாக உட்காரும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் தோளில் கை வைத்துக்கொள்ளும்.' பாரிஸ்காரர் ஒருவர், ஜெர்மன்காரர் ஒருவர், அமெரிக்காவின் பே ஏரியாவில் ரிட்டயர் ஆகி ரோஜா வளர்க்கும் ஒரு கிழவர். இந்த மூன்று பேரும் ஒரே மழையில் ஒரே மரத்தடியில் நின்று ஒரே வாக்கியத்தை நினைத்துக்கொண்டார்கள் என்றால் எந்த ஆபீசர் நம்புவான்? டிசம்பர் முதல் வாரம் குடியேற்ற ஆபீசிலிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. மனுவை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இன்னும் ஆதாரம் கொடு என்று கேட்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, 'இதற்கு விளக்கம் தேவை' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே இரண்டாவது கேள்வி: இந்த ஆராய்ச்சி இப்போதும் நடக்கிறதா? அந்த விலங்குகள் இப்போதும் இருக்கின்றனவா? அண்மைத் தேதியிட்ட அத்தாட்சி வேண்டும்.

பதில் சொல்லக் கெடு பிப்ரவரி ஐந்து. திருமூர்த்தியின் விசா ஜூனோடு முடிகிறது. மனு தேறினால் விசா நீளும். தேறாவிட்டால் அவன், மனைவி நாகரத்தினம், மகள் வெண்பா மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். வெண்பா ஐந்து வயதில் வந்தவள், இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவர்கள் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் காலேஜ் லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் போடவில்லை. கேட்டால், "வாட்ஸ் த பாயிண்ட், அப்பா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வக்கீல் சந்தானத்தின் ஆபீஸ் ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடி. மெட்ராஸ்காரர், அறுபதை நெருங்குகிறவர், கேஸ் தோற்றால் சொந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றது மாதிரி வருத்தப்படுவார். நல்ல மனுஷர்தான். அதுதான் கஷ்டம்.

"என்ன சார் இது?" என்றார் பேப்பரைத் தட்டி. "ஏழு லெட்டர் எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு சென்டென்ஸை மாத்திப் போடத் தெரியலியா? அதுவும் மூணு தடவை! காப்பி பேஸ்ட் பண்ணீங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம்?"

திருமூர்த்திக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வரவில்லை. அவன் காப்பி அடிக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் பொய்யும் புளுகுமாக இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் மனசு அடங்காமல் நிஜமாகத் தான் பார்த்த ஒன்றை எழுதியிருக்கிறான். மூன்று தடவையும் கை அங்கேதான் போய் நின்றிருக்கிறது. அந்த மழையில் குடையில்லாமல் நின்றது அவன்தான்.

"விடுங்க," என்றார் சந்தானம். "அது ஒரு ஸ்டாண்டர்ட் ஃபீல்ட் டிஸ்கிரிப்ஷன், எல்லாரும் யூஸ் பண்றதுன்னு எழுதிடலாம். மூணு பேரும் ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தாப் போதும். மெயின் மேட்டர் ரெண்டாவது. ஆபீசருக்கு என்ன டவுட்னா, மடகாஸ்கர்ல ஏதோ ஒரு குரங்கு—"

"லெமூருங்க."

"சரி, லெமூர். அது இருந்தா என்ன, போனா என்ன, அமெரிக்காவுக்கு என்ன லாபம்? அதுக்குத்தான் நான் சயனைடு, சயனைடுன்னு அடிச்சுக்கறேன். சயனைடுன்னு சொன்னாத்தான் அவன் நிமிர்ந்து உக்காருவான்."

சந்தானம் சொன்னதில் தப்பில்லை. பொன்னிற மூங்கில் லெமூர் என்பது ஒன்றரைக் கிலோ எடையுள்ள சாதுவான பிராணி. மடகாஸ்கரின் தென்கிழக்கு மழைக்காட்டில் ஒன்றிரண்டு இடங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எண்பதுகளின் நடுவில்தான் விஞ்ஞானிகள் கண்ணிலேயே பட்டது. அது தின்பது ராட்சத மூங்கிலின் இளங்குருத்தை. அந்தக் குருத்தில் இருப்பது சயனைடு. ஒரு நாளைக்கு அது தின்னும் விஷத்தில் அதே எடையுள்ள பத்துப் பன்னிரண்டு பிராணிகள் செத்துப்போகும். இது தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து தூங்கும். எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் திருமூர்த்தி ஆராய்ந்தது விஷத்தை அல்ல. இந்தப் பிராணிகள் எப்படிக் குடும்பமாக இருக்கின்றன, எங்கே தூங்குகின்றன, யார் யாருக்கு முதுகு சொறிந்துவிடுகிறார்கள் என்பதைத்தான். மனுவில் அது எடுபடாது என்பதால், 'எதிர்காலத்தில் சயனைடு முறிவு மருந்துக்கு வழி திறக்கக்கூடும்' என்று சந்தானம் ஒரு பாரா சேர்த்திருந்தார். படித்தபோது திருமூர்த்திக்கே தான் ஒரு ராணுவ விஞ்ஞானி போலத் தோன்றியது.

"அங்க ஒரு ஆள் இருக்கார்னு சொன்னீங்களே, ஃபீல்ட் அசிஸ்டென்ட்?"

"ரசோலுங்க."

"அவர்கிட்ட லேட்டஸ்ட் டேட் போட்டு ஒரு லெட்டர் வாங்குங்க. குரூப் செவனை டெய்லி டிராக் பண்றோம், நல்லா இருக்கு, இத்தனை இருக்கு. அவ்ளோதான். அது வந்துட்டா ஜெயிச்சுடலாம் சார்."

"வாங்கறேனுங்க," என்றான் திருமூர்த்தி.

சந்தானத்திடம் அவன் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஏழாம் குழு, அதாவது அவன் ஆராய்ந்த அந்த நான்கு லெமூர்களும், அக்டோபர் கடைசியிலிருந்து காணவில்லை.

மழைக்கு முன்னால் நெல் விதைக்கச் சரிவுகளுக்குத் தீ வைப்பது அங்கே வழக்கம். யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. இந்த வருஷம் காற்று திரும்பிவிட்டது. நெருப்பு ஓடையைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள் புகுந்துவிட்டது. ரசோலு அனுப்பிய படம் திருமூர்த்தியின் போனுக்கு வந்தபோது அவன் இதே ஓக் ட்ரீ ரோட்டில், மளிகைக் கடை பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தான். கறுத்த சரிவு, அங்கங்கே புகை, வெடித்துப் பிளந்த மூங்கில்கள். பார்த்தான். போனைப் பையில் போட்டான். நாகரத்தினம் முருங்கைக்காயும் பொன்னி அரிசி மூட்டையும் தள்ளிக்கொண்டு வந்தாள். மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தான். முருங்கைக்காய் நீளமாக இருந்தது, டிக்கிக்குள் அடங்கவில்லை, அதைப் பின் சீட்டில் படுக்க வைத்தான். வீட்டுக்குப் போனதும் துக்கம் வரும் என்று நினைத்தான். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். ஒன்றும் உறைக்கவில்லை.

இத்தனைக்கும் பதினொரு வருஷப் பழக்கம். காது கிழிந்த தாய் ஒன்று, அதன் ஆண், இரண்டு இளசுகள். நாலே உருப்படி. முதல் ஒன்பது வருஷமும் வருஷத்துக்கு நாலு மாதம் அங்கே போய் அவற்றின் பின்னாலேயே அலைந்தவன் அவன். விசா சிக்கலில் வெளியே போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்ற பயத்தில் கடைசி இரண்டு வருஷமாகப் போகவில்லை. ரசோலு தனியாகப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயசு, காட்டை ஒட்டிய கிராமம், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்பவர். தினமும் நாட்குறிப்பு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை குன்றேறிப் போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, அந்த வாரப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார். நவம்பரில் வந்த பக்கங்களில் எல்லாம் ஒரே வரி. தேதி, நேரம், 'தேடினேன், காணவில்லை.' டிசம்பரிலும் அதே.

டிசம்பர் பத்தாம் தேதி ரசோலு கேட்டிருந்தார்: 'டாக்டர், உங்கள் விதிப்படி அறுபது நாள் காணாவிட்டால் குழு இல்லை என்று முடித்து எழுத வேண்டும். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தேடுகிறேன்.'

அந்த விதியை எழுதியவன் திருமூர்த்திதான். காணாமல் போனதைக் காணாமல் போனது என்று எழுதாவிட்டால் ஆராய்ச்சி எதற்கு என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தவன். இளம் ஆராய்ச்சியாளர்கள் யாராவது 'அநேகமாக உயிரோடு இருக்கலாம்' என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவான். அப்படிப்பட்டவன், அறுபதாவது நாளும் தாண்டிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டே, கையுறையைக் கழற்றிவிட்டு, ரசோலுவுக்குச் செய்தி அனுப்பினான். 'ஏழாம் குழு தினமும் கண்காணிப்பில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும். என் மனுவுக்கு. ஜனவரித் தேதி. நகரத்து ஆபீசில் டைப் செய்து கையெழுத்தைப் போட்டு ஃபைலாக அனுப்பவும்.' அனுப்பிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டான். பால் வாங்கி வரச் சொல்லி நாகரத்தினத்துக்கு அனுப்பும் செய்திக்கும் அதற்கும் அவன் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரயில் வந்தது, ஏறிக்கொண்டான்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். சந்தானம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"ஏனுங்க, அந்தாளு இன்னும் அனுப்பலீங்களா?" என்று நாகரத்தினம் தினமும் கேட்டாள்.

"அனுப்புவாரு."

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் படபடப்பு இருக்குதுங்களா? நான் ஒருத்திதான் இங்க ராத்திரி பகலுமா வேவுறேன். பிள்ளை மூஞ்சியப் பாத்தீங்களா? எதக் கேட்டாலும் ஓகே, ஓகேங்குது. பதினாறு வயசுப் பிள்ளை அப்படியா இருக்கும்?"

"எல்லாம் சரியாப் போயிரும், ரத்தினம்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவனிடம் காட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதே கிடையாது. மடகாஸ்கரில் நாலு மாதம் இருந்துவிட்டு வருகிறவன், அந்தப் பிராணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறுவது தெரியாமல் பேசுவான், அவளும் கேட்பாள். சட்டப்படி இங்கே அவள் வேலைக்குப் போகக்கூடாது. கோயமுத்தூரில் எம்.சி.ஏ. முதல் வகுப்பு. இங்கே தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை சனிக்கிழமை உயிர்மெய் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் கதை வேறு. இப்போது அவன் அந்தப் பிராணிகளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதைக் கவனித்திருந்தாள், ஏன் என்றுதான் கேட்கவில்லை.

கடிதம் வந்தது ஜனவரி மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்று பனி கொட்டிப் பள்ளிக்கூடம் லீவு. திருமூர்த்தியும் வீட்டில்தான் இருந்தான். காலை எட்டரை மணிக்கு மெயிலைத் திறந்தான். ஒரு பக்கம், சுத்தமான டைப், கீழே ரசோலுவின் கையெழுத்து.

வழக்கமான மரியாதை வரிகளைத் தாண்டி வந்தான். அதற்குக் கீழே இருந்தது:

'ஜனவரி பதினொன்றாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு, ஓடைக்குத் தெற்கே, நெருப்பு படாத மேட்டு மூங்கிலில் ஏழாம் குழுவைக் கண்டேன். காது கிழிந்த பெண், ஆண், இளசு ஒன்று. இன்னொரு இளசைக் காணவில்லை. பெண்ணின் முதுகில் புதுக் குட்டி ஒன்று. வயது சுமார் பத்து நாள். குட்டி இரண்டு தடவை தும்மியது. தும்மும்போது தாய் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.'

திருமூர்த்தி அதை மூன்று தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முதலில் புரியவில்லை, கண்ணாடியில்தான் ஏதோ என்று கழற்றித் துடைத்தான். பிறகு வாய்விட்டு அழுதான். மூன்று மாதத்து அழுகை. அழுதுகொண்டே சிரித்தான். பொய் சொல்கிறவன் ஓர் இளசைக் காணவில்லை என்று எழுதுவானா? பொய் சொல்கிறவனுக்குத் தும்மல் தோன்றுமா? தான் அப்படி ஒரு கடிதம் கேட்டவன் என்பதே அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று. பதினொரு வருஷத்தில் ரசோலு நடக்காததை எழுதியதே இல்லை. நெருப்பிலிருந்து அவை தப்பித்து மேட்டுக்குப் போயிருக்கின்றன. புகைக்கு நடுவில் வயிற்றில் குட்டியைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள் அந்தக் காது கிழிந்த பெண். நடந்திருக்கக் கூடியதுதான். நடந்திருக்கிறது.

உடனே சந்தானத்துக்கு அனுப்பினான். 'எல்லாம் உண்மை' என்று தேவையில்லாமல் ஒரு வரி வேறு சேர்த்தான். மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

"ரத்தினம்! கெடைச்சிருச்சு! உசுரோட இருக்குது. குட்டி போட்டிருக்குது!"

நாகரத்தினம் தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "காணாமயா போயிருந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே," என்றாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். நெருப்பு, படம், அறுபது நாள், மேட்டு மூங்கில். வெண்பா சோபாவில் போர்வைக்குள் சுருண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து நின்றாள்.

"வெயிட், இட் ஸ்னீஸ்டு?" என்றாள்.

"ரெண்டு தடவை, கண்ணு."

"தட்'ஸ் ஸோ க்யூட். ஸோ... வீ'ர் ஸ்டேயிங்?"

"இருக்கறோம்," என்றான் திருமூர்த்தி. "எங்கயும் போகல."

வெண்பா அப்பாவின் தோளில் ஒரு கணம் தலையை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள். பிறகு லேப்டாப்பை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எட்டிப் பார்த்தபோது காலேஜ் பெயர்களாக டைப் செய்துகொண்டிருந்தாள். நாகரத்தினம் சேமியாவை வறுக்க ஆரம்பித்தாள். நெய் மணத்தது. திருமூர்த்திக்குப் பசித்தது. அந்த வாசனைக்கு இப்படிப் பசியெடுத்து எத்தனை நாளாயிற்று என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

சந்தானம் போன் செய்தார். "சார், பிரமாதம் சார்! இதுக்கு மேல ஒரு லெட்டர் கிடையாது. அந்தத் தும்மல் இருக்கே, நானே நம்பிட்டேன். ஞாயித்துக்கிழமை நான் மெட்ராஸ் கிளம்பறேன், தங்கச்சி பொண்ணு கல்யாணம். அதனால இன்னிக்கே ஃபைல் பண்ணிடறேன். பனி பெஞ்சாலும் கூரியர்காரன் பன்னெண்டு மணிக்கு வந்துடறேன்னு சொல்லியிருக்கான்."

'நானே நம்பிட்டேன்' என்று அவர் ஏன் சொன்னார் என்று திருமூர்த்தி யோசிக்கவில்லை. அவனுக்கு ரசோலுவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கடிதம் அனுப்ப நகரத்துக்கு வந்திருப்பார், சிக்னல் இருக்கும். அங்கே சாயங்காலம் ஆறரை மணி. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். இவர்கள் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மீதி கை ஜாடை. போனில் கை ஜாடை இல்லாததால் மெதுவாகப் பேசுவார்கள்.

"ரசோலு! குட்டியைப் பார்த்தீர்களா! படம் எடுத்தீர்களா? எந்தப் பக்கத்து மேடு? பழைய முகாமுக்குப் பின்னாலா?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் ஓசை கேட்டது.

"டாக்டர்," என்றார் ரசோலு. "கடிதம்தானே நீங்கள் கேட்டீர்கள்?"

திருமூர்த்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மூன்று வாரம் யோசித்தேன்," என்றார் ரசோலு. "வெறுமனே 'கண்காணிப்பில் இருக்கிறது' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. ஓர் இளசு காணவில்லை என்று சேர்த்தேன். குட்டி ஒன்று இருந்தால் உங்களுக்கு உதவும் என்று நினைத்தேன். உங்களுக்கும் மகள் இருக்கிறாள்."

"தும்மல்?"

"என் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, டாக்டர். பத்து நாள் ஆகிறது. அது தும்மிக்கொண்டே இருக்கிறது. எழுதும்போது பக்கத்தில்தான் கிடந்தது."

"மேட்டில் தேடினீர்களா?"

"மேட்டில் மூங்கில் இல்லை. அதுவும் எரிந்துவிட்டது. டிசம்பர் இருபத்தேழாம் தேதி நாட்குறிப்பில் முடித்து எழுதிவிட்டேன். படம் அனுப்பியிருக்கிறேனே, நீங்கள் பார்க்கவில்லையா?" அவர் குரல் தாழ்ந்தது. "நாட்குறிப்பில் மட்டும் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், டாக்டர். அது என்னால் ஆகாது."

"வேண்டாம்," என்றான் திருமூர்த்தி. "அதில் ஒன்றும் மாற்ற வேண்டாம். குழந்தைக்கு என்ன? ஆணா, பெண்ணா?"

"பெண்."

"சந்தோஷம்," என்றான். நிஜமாகவே அப்படித்தான் சொன்னான். பிறகு ரசோலு, தாம் தப்பாக ஏதாவது எழுதிவிட்டோமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் போனை வைத்தான்.

டிசம்பர் கடைசி வாரத்துப் பக்கங்கள் போனில்தான் இருந்தன. வந்த அன்றைக்குத் திறக்காமல் தள்ளிவிட்டிருக்கிறான். இப்போது திறந்தான். 'குழு 7. அறுபது நாள். இல்லை.' கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே நான்கையும் வரிசையாக எழுதியிருந்தார். திருமூர்த்தி தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தான். காலையில் திறந்துகொண்டது எதுவோ அது மூடிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்றுகூடத் தோன்றவில்லை.

மணி பத்தே முக்கால். கூரியர் வர ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. ஒரு போன் போதும். 'சார், அந்த லெட்டர் வேண்டாம்.' அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. சந்தானம் கத்துவார், பிறகு வருத்தப்படுவார், பிறகு எடுத்துவிடுவார். ஜூனில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

கீழே வந்தான். நாகரத்தினம் பாயசத்தை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. திரும்பி, மேசையில் உட்கார்ந்திருந்த வெண்பாவைப் பார்த்தாள். லேப்டாப்பில் லிஸ்ட் இரண்டாம் பக்கம் போயிருந்தது.

"குடிங்க," என்றாள் நாகரத்தினம் மெதுவாக. "ஆறிப்போயிரும்."

"அப்பா, வாட் டூ தே நேம் தெம்?" என்று கேட்டாள் வெண்பா, தலை நிமிராமல். "லைக், த பேபி?"

"ஆறு மாசம் கழிச்சுத்தான் கண்ணு நம்பரே குடுப்போம்," என்றான் திருமூர்த்தி. டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தான். இனிப்பாக இருக்கிறது என்பது தெரிந்தது. சந்தானத்தின் நம்பரை அழுத்தினான். நாகரத்தினம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க சார்! எல்லாம் ரெடி, கவர் ஒட்டப்போறேன்."

"சார், அந்த ரசோலு லெட்டர்..." என்றான் திருமூர்த்தி.

"ஆமா?"

"அதுல ஒரு தப்பு இருக்குதுங்க."

எதிர்ப்பக்கம் சந்தானத்தின் நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன சார்? பெரிய தப்பா?"

"குட்டிக்குப் பத்து நாள்னு இருக்குது. பத்து நாள் குட்டிய இந்த லெமூர் முதுகுல தூக்காதுங்க. முதல் ரெண்டு வாரம் அடர்ந்த புதருக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டுத்தான் மேயப் போகும். மூணு வாரம்னு மாத்திப்போடுங்க. விஷயம் தெரிஞ்சவன் எவனாச்சும் படிச்சான்னா கண்டுபிடிச்சுருவான்."

"அப்பாடா, அவ்ளோதானா? பயந்தே போயிட்டேன். ஃபைல் என்கிட்டதானே இருக்கு, நானே மாத்திடறேன்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "வயது சுமார் மூன்று வாரம். ஓகேவா? படிக்கிறேன், கேளுங்க."

சந்தானம் அந்தப் பாராவை முதலிலிருந்து படித்தார். திருமூர்த்தி கவனமாகக் கேட்டான். இப்போது அதில் தப்பு ஒன்றும் இல்லை.